வாய்ப்பேச்சா, நொத்தாரிசு உறுதியா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நெல்லுக்கு வயலடியிலேயே விலை பேசி முடிப்பார்கள். அது செல்லும். ஆனால் வெறும் பேச்சோடு நின்றால் வழக்குப் போட முடியாது. ஒரு மூட்டையாவது வாங்குபவர் ஏற்றியிருக்க வேண்டும், அல்லது முற்பணம் கைமாறியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அவர் கையொப்பமிட்ட துண்டாவது வேண்டும். பலர் கோட்டைவிடுவது காலக்கெடுவில்தான்: விற்றுக் கொடுத்த பொருளின் கடனுக்கு 1 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மற்ற வாய்மொழி ஒப்பந்தங்களுக்கு 3 வருடம், எழுத்தில் உள்ளவற்றுக்கு 6 வருடம். ஆகவே நெல் ஏற்றும்போதே கிலோ, விலை, பணம் தரும் திகதி மூன்றையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

காணி என்றால் கதையே வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, விற்பனைக்கும், பின்னர் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் நொத்தாரிசும் (உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதிச் சான்றுப்படுத்த உரிமம் பெற்றவர்) இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையாகிக் கையொப்பமிட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இதுவே விதி. முத்திரை ஒட்டிய தாளில் ஊர்ப் பெரியவர் எழுதிக் கொடுத்தாலும் காணியைக் கேட்டு வழக்காட முடியாது. அதிகபட்சம் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

உறுதி முடித்தவுடன் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். தாமதித்தால், அதே காணியைப் பின்னால் விலைகொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை.