தனிப் பாடமா, பயிற்றுமொழியா?

சிறுபான்மை மொழியைப் பள்ளிக்குள் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. வாரத்துக்குச் சில பீரியட் ஒதுக்கித் தனிப் பாடமாக நடத்தலாம். இல்லையென்றால் கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

முதல் வழி சுலபம். ஓர் ஆசிரியர், ஒரு புத்தகம், ஒரு தேர்வு போதும். மற்ற மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கலாம். ஆனால் அயர்லாந்தைப் பாருங்கள். பெரும்பாலோர் ஆங்கிலம் பேசும் அந்த நாட்டில், அதன் பழைய மொழியான ஐரிஷ் 1920களிலிருந்தே கட்டாயப் பாடம். வருடக்கணக்காகப் படித்தும் சரளமாகப் பேச வராதவர்கள் ஏராளம். மணி அடித்ததும் மொழியும் பைக்குள் போய்விடுகிறது. பண்பாடும் அப்படித்தான், ஆண்டுவிழா நடனத்தோடு சரி.

இரண்டாவது வழிக்கு நியூசிலாந்து நல்ல உதாரணம். 1982இல் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் 'கோஹங்கா ரியோ' என்ற மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். மொழி தெரிந்த பெரியவர்கள் குழந்தைகளோடு முழுக்க மாவோரியிலேயே பேசினார்கள். அப்புறம் 1985இல் மாவோரி வழித் தொடக்கப்பள்ளியும் வந்தது. இந்த முறையில் உள்ளூர் அறிவு பாடத்துக்குள்ளேயே வந்துவிடும். எந்தப் பிறையில் மீன் பிடிக்கலாம், எப்போது நடவு செய்யலாம் என்று சொல்லும் மாவோரி நாட்காட்டியை வைத்தே வானியல் நடத்தலாம்.

சிக்கல் ஆசிரியர்களும் பாடநூல்களும்தான். உயர்வகுப்பு நெருங்கினால் வேலைவாய்ப்பை நினைத்துப் பெற்றோரும் தயங்குவார்கள், அதில் தப்பில்லை.

என்னைக் கேட்டால், அந்த மொழிக் குழந்தைகள் ஒரே பகுதியில் கணிசமாக இருந்தால் தொடக்கப்பள்ளி வரையாவது பயிற்றுமொழியாக்க வேண்டும். சிதறி வாழ்ந்தால் தனிப் பாடமே நடைமுறைக்கு ஒத்துவரும்.