எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கான திரை: படமா, எண்ணா, பேச்சா?

எழுத்தை எடுத்துவிட்டுப் படத்தை வைத்தால் எழுத்தறிவு குறைந்தவர்களுக்கு ஏற்ற செயலி தயார் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. படத்தைப் புரிந்துகொள்வதும் ஒரு பழக்கம்தான்.

பெங்களூரில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் வேலை தேடுவதற்காக, மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த இந்திராணி மேதியும் கென்டாரோ டொயாமாவும் எழுத்தே இல்லாத திரைகளை வடிவமைத்தார்கள். பாத்திரமும் தொட்டியும் மட்டும் இருந்தால் அது வெறும் சமையலறை. குழாயில் தண்ணீர் கொட்டுவதாக வரைந்தால்தான் அது பாத்திரம் கழுவும் வேலை. படத்தோடு குரலும் வேண்டியிருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் பட்டியல்கள், படிப்பு குறைந்தவர்களைத் திணறடிக்கின்றன என்பதும் மேதியின் பிந்தைய ஆய்வில் தெரிந்தது. எத்தனை அழகாக வரைந்தாலும் இந்தச் சிக்கல் தீராது.

எண்ணின் பலம் வேறு. படிக்காதவர்களில் பலர் ரூபாய் நோட்டையும் பஸ் எண்ணையும் போன் எண்ணையும் அறிவார்கள். 2022 மார்ச்சில் வந்த யூபிஐ 123 பே, சாதாரண பட்டன் போனிலும் பதிவுசெய்த குரல் சொல்லும் தேர்வுகளைக் கேட்டு, எண்ணை அழுத்திப் பணம் அனுப்ப வழிசெய்தது. ஆனால் ஐந்தாவது தேர்வைக் கேட்கும்போது முதலாவது மறந்துபோகும். தொடுதிரை போனில் இன்னொரு தொல்லை: காதிலிருந்து எடுத்துப் பார்த்தால் எண்பலகை மறைந்திருக்கும். இணையம் இல்லாமலே போனில் *99# அழுத்திப் பணம் அனுப்பும் சேவை நல்ல யோசனைதான். அதன் பட்டியலோ முழுக்க எழுத்து.

பேச்சு மிக இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆனால் குஜராத் விவசாயிகளுக்கான ‘அவாஜ் ஓட்டலோ’ தொலைபேசிச் சேவையில், பேசிச் சொல்வதைவிட எண்ணை அழுத்துவதில்தான் வெற்றி அதிகம் என்று 2009இல் வெளியான ஒப்பீடு காட்டியது. பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் அதன்பிறகு வெகுவாக வளர்ந்திருக்கிறது. ஆனாலும் யாருக்கு எவ்வளவு அனுப்புகிறோம் என்பதை ரேஷன் கடை வரிசையில் நின்று உரக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் தகவலைப் பதிவுசெய்யப் பேச்சைவிடச் சிறந்தது இல்லை. சத்தீஸ்கரின் ‘சிஜிநெட் ஸ்வரா’ தொலைபேசிச் சேவையில் மக்கள் தங்கள் ஊர்ச் செய்தியைத் தாங்களே பேசிப் பதிந்தார்கள்.

என் தேர்வு இது: பணத்துக்கு எண், வேலைக்கும் மருத்துவத் தகவலுக்கும் குரலோடு கூடிய படம், தகவலைப் பதிவுசெய்யப் பேச்சு. இவை கிடைக்காதபோது மக்கள் நான்காவது வழிக்குப் போகிறார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் போனை நீட்டி ரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிறார்கள். அதைத் தடுக்க, பணம் போவதற்கு முன்பு தொகையையும் பெறுபவர் பெயரையும் அவரவர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். ரத்துசெய்யும் பொத்தான் எல்லாத் திரையிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.