5×5 பார்பெல்லா, டம்பெல்லா, இல்ல வீட்லயே தண்டால் பஸ்கியா? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

காட்பாடில இருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போற ஆளு நான். ரெண்டு வருஷத்துல பார்பெல் (ரெண்டு கையாலயும் தூக்கற நீள கம்பி), டம்பெல் (ஒத்தக் கைல புடிக்கற சின்ன எடை), வீட்டு தண்டால் பஸ்கி, இந்த மூணையும் ஒவ்வொண்ணா செஞ்சு பாத்துட்டேன். போன வாரம் சித்தி பையன் "அண்ணா, எத வெச்சு ஆரம்பிக்கட்டும்"னு கேட்டான், அவனுக்கு சொன்னதத்தான் எழுதறேன்.

மூணையும் நான் செஞ்சது ஃபுல் பாடியா, அதாவது போற ஒவ்வொரு நாளும் மொத்த உடம்புக்கும் வேலை. முதல்ல ஏன் ஃபுல் பாடி? நான் சேந்த மொத ஜிம்ல மாஸ்டர் குடுத்தது திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் கை, வெள்ளி கால். ஷிஃப்ட் மாறுற வாரம்லாம் வெள்ளிக்கிழமை அடிபட்டுடும், மூணு மாசத்துல கால் பண்ணது மொத்தமே நாலு தடவ தான். ஃபுல் பாடில ஒரு நாள் தவறிப் போனாலும் மீதி நாள்ல எல்லாத்துக்கும் வேலை கெடச்சிடும். உலக சுகாதார நிறுவனம் கூட வாரத்துல குறைஞ்சது 2 நாள் எல்லா முக்கியமான தசைக்கும் வேலை குடுக்கணும்னு தான் சொல்லுது.

இப்ப 5×5. ஏ நாள் ஸ்குவாட் (பார தோள்ல வெச்சு உக்காந்து எழறது), பெஞ்ச் பிரஸ் (படுத்துட்டு நெஞ்சுல இருந்து மேல தள்றது), பார்பெல் ரோ (குனிஞ்சு வயித்துப் பக்கம் இழுக்கறது). பி நாள் ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் (நின்னுட்டு தலைக்கு மேல தள்றது), டெட்லிஃப்ட் (தரைல இருந்து தூக்கி நிமிர்றது). வாரம் 3 நாள் மாத்தி மாத்தி, எல்லாம் அஞ்சு செட் அஞ்சு ரெப் (ஒரு தடவ தூக்கறது ஒரு ரெப், நிறுத்தாம அஞ்சு ரெப் சேந்தா ஒரு செட்), டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட். ஒவ்வொரு தடவையும் 2.5 கிலோ ஏத்தணும், டெட்லிஃப்ட்ல 5. வெறும் 20 கிலோ பார்ல ஸ்குவாட் ஆரம்பிச்சா மாசத்துக்கு 12 நாள், அடுத்த மாசம் மொத நாள் 50 கிலோ தோள்ல இருக்கும். யோசிக்கறதுக்கே வேலை இல்ல, நோட்டுல போன தடவ எழுதினத பாத்து கொஞ்சம் ஏத்து, அவ்ளோதான். காலும் முதுகும் இவ்ளோ வேகமா பலமாகறது மத்த ரெண்டுலயும் நான் பாக்கல.

ஆனா அந்த 2.5 கிலோ ஏத்தணும்னா பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு 1.25 கிலோ பிளேட் (பார் முனைல மாட்டற வட்ட எடை) வேணும், நம்ம பக்கம் சின்ன ஜிம்ல அது இருக்கறதில்ல. எங்க ஜிம்ல சின்ன பிளேட்டே 2.5 தான், அப்ப ஒரே தாவுல 5 கிலோ ஏறுது. ஸ்குவாட்டுக்கு கொஞ்ச நாள் ஓடும், ஓவர்ஹெட் பிரஸ்ல 30 கிலோல இருந்து 35ன்னா ஆறுல ஒரு பங்கு அதிகம், அங்கயே ரெண்டு மாசம் நின்னுட்டேன். அப்புறம் 1.25 பிளேட் ஒரு ஜோடி சொந்தமா வாங்கி டிஃபன் பையில போட்டு எடுத்துட்டு போனேன், அடுத்த வாரமே 32.5 தூக்கினேன். இன்னொண்ணு, பாரும் எல்லா எடத்துலயும் 20 கிலோ இல்ல. எங்க பாரை அரிசி கடை தராசுல வெச்சு பாத்தோம், 15 தான் காட்டுச்சு. அது தெரியாம எழுதின நோட்டு பூரா தப்பு.

ரேக் (ஸ்குவாட்டுக்கு பார வெக்கற ஸ்டாண்டு) பிரச்சனையும் இருக்கு. சாயங்காலம் 6 மணிக்கு ஒரே ரேக்குக்கு நாலு பேர் நிப்பாங்க, வார்ம் அப்போட அஞ்சு செட் ஸ்குவாட் போட எப்படியும் அர மணி நேரம் ஆவும், "இன்னாபா இன்னும் எத்தினி செட்டு"ன்னு பின்னாடி கேட்டுட்டே இருந்தா அவசரத்துல ஃபார்ம், அதாவது தூக்கற முறை, கெட்டுடும். பெஞ்ச் பிரஸ் தலைமாட்டுல யாராவது நிக்காம போடவே கூடாது.

நம்ம வேலூர் சத்துவாச்சாரி பளுதூக்கற வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 77 கிலோ பிரிவுல மொத்தம் 328 கிலோ தூக்கி தங்கம் வாங்கினாரு, 2018ல கோல்ட் கோஸ்ட்லயும் தங்கம். அதனால இங்க பசங்களுக்கு பார்பெல்னாலே ஒரு வெறி, எனக்கும் உண்டு. ஆனா அவர் பண்றது ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க், அது தனி விளையாட்டு, கோச் பக்கத்துல நின்னு வருஷக்கணக்குல கத்துக்குடுக்கறது. 5×5 அது இல்ல, இருந்தாலும் ஸ்குவாட், டெட்லிஃப்ட் ரெண்டையும் பக்கத்துல ஒரு தெரிஞ்ச ஆளு பாத்து திருத்தினா தான் நல்லது.

டம்பெல் ஃபுல் பாடி வேற மாதிரி. டம்பெல்ல நெஞ்சோட புடிச்சு கோப்லெட் ஸ்குவாட், டம்பெல் பெஞ்ச், ஒத்தக் கை ரோ, ரொமேனியன் டெட்லிஃப்ட் (முட்டிய லேசா மடக்கி, இடுப்ப பின்னால தள்ளி குனிஞ்சு நிமிர்றது), ஷோல்டர் பிரஸ், எல்லாம் 3 செட், 8ல இருந்து 12 ரெப். மூணு செட்லயும் 12 வந்தா தான் அடுத்த டம்பெல், அங்க திரும்ப 8ல ஆரம்பிக்கணும். 10 கிலோல இருந்து 12.5க்கு போறது கால் பங்கு அதிகம், ஆனா நடுவுல ரெப்ஸ் ஏத்திக்க எடம் இருக்கறதால தாங்குது. ரேக்குக்கு நிக்க வேணாம், முடியலன்னா டம்பெல்ல கீழ வெச்சிடலாம், மாட்டிக்க மாட்டோம். கொற என்னன்னா கால். 25 கிலோ கோப்லெட் ஸ்குவாட் வந்ததும் எனக்கு கால் சோரல, புடிச்சிட்டு இருக்கற கையும் மேல் முதுகும் தான் மொதல்ல விட்டுச்சு.

தண்டால், பஸ்கி பத்தி சுருக்கமா. காசு இல்ல, நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தும் மாடில போடலாம். ஆனா 15, 20 பஸ்கி ஈஸியா வந்ததுக்கப்புறம் எண்ணிக்கைய 100க்கு ஏத்தினா தம் தான் கூடும், பலம் அவ்ளோவா கூடாது. ஸ்கூல் பேக்ல 5 கிலோ அரிசி பைய போட்டு மாட்டிக்கோங்க, அது வேலை செய்யும். தண்டால்ல இழுக்கற வேலையே இல்ல, முதுகு காலியா நிக்கும், அதனால தொங்கி உடம்ப மேல இழுக்க புல் அப் கம்பி ஒண்ணு கட்டாயம்.

எதுவா இருந்தாலும் சாப்பாடு வேணும். முட்டை ஒண்ணுல 6 கிராம் புரதம், வேர்க்கடலை 100 கிராம்ல 25. ஏப்ரல் மே வெயில் 40ஐ தாண்டும்போது ஷீட் போட்ட ஜிம்ல சாயங்காலம் 5×5 வேணாம், காலைல 5:30க்கு போங்க, இல்ல 3 செட்டா கொறச்சுக்கோங்க.

தம்பிக்கு நான் சொன்னது டம்பெல் தான், மூணு மாசத்துக்கு. அவன் ஜிம்லயும் ஒரே ரேக், சின்ன பிளேட் கெடையாது. கோப்லெட் ஸ்குவாட் 25 கிலோ 12 வந்ததும் ஸ்குவாட்டையும் டெட்லிஃப்ட்டையும் மட்டும் பார்பெல்லுக்கு மாத்திக்கலாம், அது வரைக்கும் என் 1.25 பிளேட் ஜோடி வீட்ல இருக்கும், வந்து வாங்கிக்கடான்னு சொல்லியிருக்கேன். முட்டி வலியோ பிபியோ இருக்கறவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டு ஆரம்பிங்க.