பிரான்சினி–போன்டியர்: பதினோரு ஆண்டுகளாகக் கேட்டு வரும் டாங்கோ

வயலின் கலைஞர் என்ரிகே மாரியோ பிரான்சினியும், பாண்டோனியன் என்னும் துருத்தி வாத்தியக் கலைஞர் அர்மாண்டோ போன்டியரும் சேர்ந்து அர்ஜென்டினாவில் நடத்திய டாங்கோ நடன இசைக் குழுவின் பதிவுகளைப் பதினோரு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். நான் முதலில் வாங்கிய குறுந்தகட்டில், பழைய ஒலியை மெருகேற்றுவதாக எண்ணி எதிரொலியைச் சேர்த்திருந்தார்கள். அதனால் வயலின்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிக் கேட்டன. இரைச்சல் மிகுந்திருந்தாலும் கை வைக்கப்படாத மறுபதிப்பு கிடைத்த பிறகுதான் இக்குழுவின் அருமை எனக்கு விளங்கியது.

அர்ஜென்டினாத் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் மிகேல் காலோவின் டாங்கோ குழுவில் ஒன்றாக வாசித்துவந்த இருவரும் 1945இல் அதிலிருந்து விலகித் தனிக்குழு தொடங்கினர். ராவுல் பெரோனும் ஆல்பெர்டோ பொதெஸ்தாவும் தொடக்ககாலப் பாடகர்கள். 1946இல் பதிவான இரண்டு இசைத்தட்டுகளை நான் அடிக்கடி அடுத்தடுத்துக் கேட்பேன். போன்டியர் இசையமைத்த ‘மார்கோ’வில் பொதெஸ்தாவின் குரலை வாத்தியங்கள் தாங்கி நிற்கின்றன, பிரான்சினி இசையமைத்த ‘டெலிரியோ’வில் பாட்டே இல்லை, வயலின்தான் பேசுகிறது. அதில் அவருடைய வில் மேல்ஸ்தாயிக்கு ஏறும்போது குழு முழுவதும் ஒலியைத் தணித்து வழிவிடுவதையும், அவர் முடித்ததும் பாண்டோனியன்கள் அழுத்தமான தாளத்துடன் மீண்டும் எழுவதையும் எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சலித்ததில்லை. தலைவர் இருவர் இருந்தும் ஒருவர் இடத்தை மற்றவர் பறிக்கவில்லை என்பதை அந்தச் சில நொடிகளே காட்டிவிடுகின்றன.

குறை ஒன்று உண்டு. ஆடுவதற்கென்றே டாங்கோ கேட்பவர்களுக்கு இக்குழுவின் நெளிவுசுளிவான இசையமைப்பு சற்றுச் சிரமம் தரும். அழுத்தமான தாளத்துக்குப் பெயர்பெற்ற டி அரியென்சோவின் டாங்கோ குழுவில் காலுக்குக் கிடைக்கும் திடமான பிடிமானம் இங்கே கிடைக்காது. எனக்கு இது உட்கார்ந்து கேட்கும் இசை.

1949இல் உருகுவே நாட்டுப் பாடகர் ஹூலியோ சோசா சேர்ந்த பின் குழுவின் நிறமே மாறியது. அவருடைய கனத்த குரலுக்குப் பழக எனக்கு ஓராண்டு பிடித்தது. இன்று அந்தப் பதிவுகளையும் விட மனமில்லை.

1955இல் குழு கலைந்தது. பிரான்சினி, டாங்கோ இசையமைப்பாளர் பியசோலாவின் எண்மர் குழுவில் சேர்ந்து புதுவகை டாங்கோவுக்கு வாசித்தார். போன்டியரோ தனிக்குழு அமைத்துச் சோசாவையும் அழைத்துக்கொண்டார். அந்தத் தனிக்குழுவின் பதிவுகளும் என்னிடம் உள்ளன. நல்ல இசைதான், ஆனால் பாண்டோனியன்கள் தணியும் இடங்களில் பிரான்சினியின் வில்லை என் காது இன்னும் எதிர்பார்க்கிறது.