ஸ்டென்ட்டும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் சேர்ந்தால்: மூன்று மாத்திரையா, இரண்டா, ஒன்றா?

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொள்பவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் இருக்கிறது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு அது. இந்த இரண்டும் சேர்ந்தவர்களுக்குப் பக்கவாதமும் மரணமும் மற்றவர்களைவிட அதிகம். அதில் எவ்வளவு துடிப்புக் கோளாறால் வருகிறது, எவ்வளவு கூடவே வரும் முதுமை, சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றால் வருகிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் இன்னொரு பங்கு இருக்கிறது, அது நம் கையில் இருக்கிறது: கொடுக்கப்படும் மருந்துகளால் வரும் ரத்தக்கசிவு. இந்த அலசல் முக்கியமாக அதைப் பற்றித்தான்.

முதலில், ஏன் இத்தனை மாத்திரை? ரத்தக்கட்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உருவாவதில்லை. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் வேகமாகப் பாய்கிறது. புதிதாக வைத்த உலோக வலையில் வந்து ஒட்டுபவை தட்டணுக்கள், ரத்தத்தை உறைய வைக்கும் சின்ன அணுக்கள். இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பையில் நிலைமை நேர்மாறு. மேலறை சுருங்காததால் அங்கே ரத்தம் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் ஃபைப்ரின் இழைகள் பின்னிக் கட்டியாகின்றன, அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். முதல் வகைக் கட்டிக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற தட்டணு மருந்துகள். இரண்டாவது வகைக்கு வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்துகள்.

ஒன்றை வைத்து இரண்டையும் சமாளிக்க முடியாதா? பார்த்தாகிவிட்டது. 1998-இல் வெளியான ஸ்டார்ஸ் ஆய்வில், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு முதல் 30 நாளில் வந்த சிக்கல்களை எண்ணினார்கள். ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 3.6%, ஆஸ்பிரினோடு வார்ஃபரின் எடுத்தவர்களில் 2.7%, ஆஸ்பிரினோடு டிக்ளோபிடின் (குளோபிடோக்ரெலுக்கு முந்தைய மருந்து) எடுத்தவர்களில் 0.5%. ஆக, புது ஸ்டென்ட்டுக்குத் தட்டணு மருந்துதான் சரி. 2006-இல் ஆக்டிவ் டபிள்யூ ஆய்வு எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு வார்ஃபரினுக்குப் பதில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் போதுமா? போதவில்லை. வார்ஃபரின் தெளிவாக முந்தியதால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இந்த இரண்டு முடிவையும் கூட்டினால் என்ன வரும்? மூன்று மாத்திரை. பல வருடங்கள் அப்படித்தான் நடந்தது. கணக்கு சரி, ஆனால் ரத்தம் கசியும் உடம்பை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

மூன்றும் இரண்டும்

முதலில் துணிந்து கேட்டது நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த வோஸ்ட் ஆய்வு. 2013-இல் வெளியானது, 573 பேர். ஒரு பிரிவுக்கு மூன்று மருந்தும், இன்னொரு பிரிவுக்கு ஆஸ்பிரினை விட்டுவிட்டு உறைவெதிர்ப்பு மருந்தும் குளோபிடோக்ரெலும். ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு ரத்தக்கசிவு மூன்று மாத்திரைக்காரர்களில் 44.4%, இரண்டு மாத்திரைக்காரர்களில் 19.4%. சின்னச் சின்னக் கசிவும் இதில் அடக்கம், ஆய்வும் சிறியது. அதனால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளுமோ என்ற பயம் இதோடு தீரவில்லை.

அடுத்து வார்ஃபரினுக்குப் பதிலாக வந்த புது உறைவெதிர்ப்பு மருந்துகள். 2016-இல் பயோனீர் ஆய்வு ரிவரோக்சபானை வைத்தும், 2017-இல் ரீ-டூயல் ஆய்வு டாபிகாட்ரானை வைத்தும் அதே திசையைக் காட்டின. ஆனால் இரண்டிலும் ஒரு சிக்கல். பழைய முறையில் வார்ஃபரின், ஆஸ்பிரின், தட்டணு மருந்து மூன்றும். புது முறையில் வார்ஃபரினையும் மாற்றினார்கள், ஆஸ்பிரினையும் எடுத்தார்கள். கசிவு குறைந்தது சரி, எதை மாற்றியதால் குறைந்தது?

அதைப் பிரித்துக் காட்டியதால்தான் 2019-இல் வந்த அகஸ்டஸ் ஆய்வை இந்த வரிசையிலேயே சிறந்தது என்பேன். 4,614 பேர். எல்லாருக்கும் ஒரு தட்டணு மருந்து உண்டு, பெரும்பாலும் குளோபிடோக்ரெல். அதற்கு மேல் அபிக்சபானா (இன்னொரு புது உறைவெதிர்ப்பு மருந்து) வார்ஃபரின் வகையா என்று ஒரு குலுக்கல், ஆஸ்பிரினா மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்று இன்னொரு குலுக்கல். ஆக நான்கு பிரிவு. ஆறு மாதத்தில் பொருட்படுத்த வேண்டிய ரத்தக்கசிவு இப்படி வந்தது: வார்ஃபரினும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் 18.7%, அபிக்சபானும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் 13.8%, ஆஸ்பிரின் இல்லாத வார்ஃபரின் 10.9%, ஆஸ்பிரின் இல்லாத அபிக்சபான் 7.3%.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது மருந்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பிரினைத் தொடர்ந்தவர்களைவிட, பழைய வார்ஃபரினிலேயே இருந்து ஆஸ்பிரினை விட்டவர்களுக்குக் கசிவு குறைவு. ஆய்வு முடிந்ததும் பேச்செல்லாம் புது மருந்தைப் பற்றித்தான். இந்த எண்களைப் பார்க்கும் எனக்கு, பெரிய லாபம் ஒரு மருந்தை நிறுத்தியதில் இருக்கிறது என்றே படுகிறது.

ஆஸ்பிரினுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டென்ட் அடைத்துக்கொள்வது அதை எடுத்தவர்களில் 0.5%, எடுக்காதவர்களில் 0.9%. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இல்லை என்று தள்ளிவிட முடியாது. பின்னர் அதே தரவை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, முதல் 30 நாளில் ஆஸ்பிரின் தடுக்கும் அடைப்பும் உண்டாக்கும் கசிவும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. அதற்கப்புறம் கசிவு மட்டும் தொடர்ந்தது. இன்னொன்று, இதில் சேர்ந்தவர்கள் சிகிச்சை முடிந்து சராசரியாக ஆறாம் நாளில்தான் சேர்ந்தார்கள். அதாவது முதல் சில நாள் ஆஸ்பிரின் எல்லாருக்குமே உள்ளே போயிருக்கிறது. 'ஆஸ்பிரினே வேண்டாம்' என்று இந்த ஆய்வு சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால்தான் இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரம் வரை மூன்று மருந்து என்கிறது. அடைப்பு ஆபத்து மிக அதிகமென்றால் ஒரு மாதம் வரை நீட்டலாம். அப்புறம் இரண்டு: திட்டமிட்டு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆறு மாதம், மாரடைப்போடு வந்தவர்களுக்கு ஒரு வருடம். காகிதத்தில் இது தெளிவாக இருக்கிறது. தவறுவது டிஸ்சார்ஜ் சீட்டில்தான். ஆஸ்பிரின் என்று எழுதி, பக்கத்தில் நிறுத்த வேண்டிய தேதி எழுதாவிட்டால், அடுத்த சீட்டிலும் அதற்கடுத்த சீட்டிலும் அது நகலாகி ஒரு வருடம் ஓடிவிடும். வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்க வேண்டிய கேள்வி: 'இதில் எது, எந்தத் தேதியில் நிற்கும்?' பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தானாக எதையும் நிறுத்துவது வேறு கதை. புது ஸ்டென்ட் உள்ளவர் அதைச் செய்யவே கூடாது.

வார்ஃபரினும் புது மருந்துகளும்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பெரும்பாலானவர்களுக்குப் புது மருந்துகளே மேல். மூளைக்குள் கசிவது குறைவு, ஐஎன்ஆர் பரிசோதனைக்கு (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது) ஓட வேண்டாம், வார்ஃபரினோடு மோதும் கீரையை எண்ணிச் சாப்பிட வேண்டாம். அவற்றுக்குள் வித்தியாசம் உண்டு. டாபிகாட்ரானில் சுமார் 80% சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது, அபிக்சபானில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இது பெரிய விஷயம். ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் உடம்பில் சரியாகச் சேராது.

வார்ஃபரின் அசையாமல் நிற்கும் இடங்களும் உண்டு. உலோக வால்வு வைத்தவர்களுக்கும், ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் அதுதான். ருமாட்டிக் இதய நோயாளிகளிடம் ரிவரோக்சபானையும் வார்ஃபரின் வகையையும் மோதவிட்ட இன்விக்டஸ் ஆய்வில் (2022) பழைய மருந்தே வென்றது, மரணங்கள் உட்பட.

ஒரு வருடத்துக்குப் பிறகு

ஸ்டென்ட் பழசாகிவிட்டது. இனி உறைவெதிர்ப்பு மருந்து மட்டும் போதுமா, பாதுகாப்புக்கு ஒரு தட்டணு மருந்தும் இருக்கட்டுமா? 'இருந்துவிட்டுப் போகட்டுமே' என்பதுதான் பலருடைய மனநிலை. ஜப்பானில் 2,236 பேரிடம் நடந்த அஃபயர் ஆய்வு (2019) அதை உடைத்தது. ரிவரோக்சபான் மட்டும் எடுத்தவர்களைவிடக் கூடுதலாக ஒரு தட்டணு மருந்தும் எடுத்தவர்களில் மரணம் அதிகமாக இருந்ததால், ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

அப்படியும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது: அடைப்பு ஆபத்து மிக அதிகமாக உள்ளவர்களுக்காவது ஆஸ்பிரின் வேண்டாமா? அப்படிப்பட்ட 872 பேரை மட்டும் எடுத்து பிரான்சில் நடந்த அக்வாட்டிக் ஆய்வு 2025-இல் வெளியானது. இதுவும் பாதியில் நின்றது. மரணம் ஆஸ்பிரின் பக்கம் 13.4%, வெறும் மாத்திரைப் பக்கம் 8.4%. பெரிய ரத்தக்கசிவு 10.2%, 3.4%. எந்தக் கூட்டத்துக்கு ஆஸ்பிரின் உதவியிருக்க வேண்டுமோ அங்கேயே அது கெடுத்திருக்கிறது. ஆபத்து அதிகமானவருக்கு மருந்தும் அதிகம் என்ற வழக்கமான யோசனை இங்கே எடுபடவில்லை.

பைபாஸ் வேறு கதை

ஸ்டென்ட்டோடு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பெரும்பாலும் முன்பே இருந்தது. பைபாஸுக்குப் பின் வருவது பெரும்பாலும் புதியது. இடது பிரதானக் குழாய் அடைப்புக்கு இரண்டு சிகிச்சையையும் ஒப்பிட்ட எக்செல் ஆய்வில், புதிதாக இந்தக் கோளாறு வந்தது பைபாஸ் பக்கம் 18%, ஸ்டென்ட் பக்கம் 0.1%. மூன்று வருடத்தில் பக்கவாதம், அது வந்தவர்களில் 6.6%, வராதவர்களில் 2.4%. இதை வைத்து மட்டும் பைபாஸ் வேண்டாம் என்று முடிவெடுக்க முடியாது. அதன் லாபங்கள் வேறு கணக்கில் வருகின்றன.

அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் படபடப்பு தொடங்கினால், துடிப்பின் வேகத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கலாம், அல்லது அமியோடரோன் கொடுத்து, தேவைப்பட்டால் மின் அதிர்ச்சியும் கொடுத்து இயல்புத் துடிப்புக்குத் திருப்பலாம். 2016-இல் 523 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். மருத்துவமனையில் இருந்த நாட்களில் வித்தியாசமில்லை: 5.1, 5.0. 60 நாள் முடிவில் இரு பக்கமும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் துடிப்பு சீராகியிருந்தது. மூச்சுத் திணறலோ ரத்த அழுத்தச் சரிவோ இல்லாதவருக்கு வேகத்தை அடக்கிக் காத்திருப்பதே எளிது. அமியோடரோன் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ஐஎன்ஆரை ஏற்றிவிடும் என்பதும் அதற்கு எதிரான ஒரு புள்ளி. உறைவெதிர்ப்பு மருந்தைச் சுமார் 60 நாள் கொடுத்துவிட்டு மறுபடி யோசிக்கலாம் என்கிறது 2023 அமெரிக்க வழிகாட்டுதல்.

முன்பே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர் எப்படியும் மார்பைத் திறக்கும் அறுவைக்குப் போகிறார் என்றால் இன்னொரு வழியும் உண்டு: கட்டி உருவாகும் அந்த இடது மேலறைப் பையையே மூடிவிடுவது. 4,811 பேர் பங்கேற்ற லாவோஸ் த்ரீ ஆய்வில் (2021) பக்கவாதமும், கட்டி உடம்பின் வேறு இடத்துக்குப் போய் அடைப்பதும் சேர்ந்து 7 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தது. மாத்திரைக்கு மாற்று என்று இதைச் சொல்ல வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் இரு பக்கத்திலும் பெரும்பாலானவர்கள் உறைவெதிர்ப்பு மருந்தையும் தொடர்ந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.