அல்சூர் மீன் கடை: வெளுத்த இறால் பழசா?

நாலு மாதமாக பெங்களூரு அல்சூர் சந்தைப் பக்கம் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு சின்னக் கடையில்தான் இறால் வாங்குகிறேன். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

ஆரம்பம் சண்டையில்தான். பண்ணைக் குளத்தில் வளர்த்த டைகர் இறால் வாங்கி ஓட்டோடு மிளகு போட்டு வறுத்தேன், சிவக்கவே இல்லை, வெளிறிப்போய்க் கிடந்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று மறுநாளே போய்க் கத்தினேன். கடைக்காரர் அசரவில்லை. "தலை கழண்டுச்சாண்ணா? நாத்தம் வந்துச்சா?" இரண்டும் இல்லை. "அப்ப தீனி சரியில்லண்ணா, இறால் நல்லாத்தான் இருக்கு."

சமாளிக்கிறார் என்று நினைத்தேன், படித்துப் பார்த்தால் ஆள் சொன்னது சரி. இறாலைச் சிவப்பாக்குவது அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி. உயிரோடு இருக்கும்போது அது ஓட்டில் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நீலம், சாம்பல் என்று தெரியும், சூடு பட்டதும் புரதம் சிதைந்து சிவப்பு வெளியே வரும். ஆனால் இந்த நிறமியை இறாலால் தானாக உண்டாக்க முடியாது, தின்பதிலிருந்துதான் வர வேண்டும். கடலில் பாசியும் அதைத் தின்ற குட்டிப் பூச்சிகளும் கிடைக்கும். குளத்தில் தீவனக் குச்சி மட்டும்தான் என்றால், அதில் நிறமி குறைந்தால் டைகர் நீலம் பாய்ந்து, வெந்த பிறகும் வெளுத்தே இருக்கும். அஸ்டாக்சாந்தின் விலை அதிகம், அதனால் செண்டுமல்லிச் சாறு, மிளகாய்ச் சாறு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. கோழித் தீவனத்தில் செண்டுமல்லி கலந்து முட்டைக் கருவை மஞ்சளாக்குகிறார்களே, அதே கதைதான். குளத்தின் அடி கறுப்பாக இருந்தாலே இறால் கறுத்துத் தெரியுமாம், தீனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் டைகர், பண்ணை டைகர் இரண்டிலும் கால் கால் கிலோ வாங்கி ஒரே சட்டியில் வறுத்தேன். நிறம் ராத்திரியும் பகலும். ருசியில் கடல் இறால் ஒரு துளி இனிப்பு, ஆனால் அந்த விலை வித்தியாசத்துக்கு இல்லை. தொக்குக்குப் பண்ணை இறாலே போதும், மிளகாய்த்தூள் போட்டால் எல்லாம் சிவப்புதான்.

கல்லுமக்காய் என்ற கடல் சிப்பி வரும் நாளில் வெள்ளைச் சதையை யாரும் ஒதுக்காதீர்கள், அது ஆண். ஆரஞ்சு, பெண்.

ஒரு மதிப்பெண் ஏன் குறைத்தேன்? ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட எடை போடுகிறார். தலை, ஓடு, நரம்பு எடுத்து வாங்கினால் கிலோவுக்கு அரைக் கிலோவும் கொஞ்சமும்தான் தேறும், அதை முன்னாடியே சொல்வதும் இல்லை. வடிகட்டிப் போடுங்கண்ணா என்று கேட்டால் போடுவார், கேட்க வேண்டும்.