மேற்கே பெட்ரோல், கிழக்கே டீசல்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் புது கார் எடுத்தவரிடம் முதலில் வந்து விழும் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கெடைக்கு?" வண்டி ஓட்ட எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. மைலேஜ், ஓட்டும் சுகம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த அலசல். சுகத்துக்கும் ஒரு கிலோமீட்டர் விலை உண்டு, அதைக் கணக்குப் போடவும் முடியும்.

ஹூண்டாய் வென்யூவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரே உடம்பில் மூன்று எஞ்சின் கிடைக்கிற வண்டி அது. 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல்: 83 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. காற்றை அழுத்தி உள்ளே ஊட்டுகிற 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல்: 120 குதிரைத்திறன், 172 டார்க். 1.5 லிட்டர் டீசல்: 116 குதிரைத்திறன், 250 டார்க். குதிரைத்திறனில் டர்போவும் டீசலும் ஏறக்குறைய சமம். இழுவையில் டீசல் ஒன்றரை மடங்கு. அந்த 250-உம் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுழற்சி சுற்றும்போதே வந்துவிடுகிறது. சாதாரண பெட்ரோலில் முழு இழுவை வேண்டுமானால் 4000 சுழற்சி வரை முடுக்க வேண்டும். பெட்ரோலுக்குத் தனிச் சுவை அதற்கு மேலேதான். 6000 வரை சலிக்காமல் ஏறும், சத்தமும் கூடவே ஏறும். டீசல் 4000-ஐத் தொட்டதும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

சரி, காசுக்கு வருவோம். கணக்கு வசதிக்கு பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நம் சாலைகளில் சாதாரண பெட்ரோல் லிட்டருக்கு 16, டர்போ 13, டீசல் 18 கிலோமீட்டர் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு முறையே 6.31, 7.77, 5.17 ரூபாய் வருகிறது. டீசலுக்கு வாங்கும்போது ஒன்றரை லட்சம் அதிகம் கொடுத்தால், சாதாரண பெட்ரோலோடு ஒப்பிட்டு அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க 1,31,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1000 ஓடுகிறவருக்கு அது பதினோரு வருடம். மாதம் 2500 ஓடுகிறவருக்கு நாலரை வருடத்துக்குள் முடிந்துவிடும்.

டர்போவின் கதை வேறு. ஒரே வசதிகளுள்ள மாடலில் டர்போவும் டீசலும் விலையில் பெரும்பாலும் அருகருகேதான் நிற்கும். ஆக, டீசலின் மிச்சம் முதல் நாளே தொடங்கிவிடுகிறது: மாதம் 1000 ஓடினால் 2,600 ரூபாய். சாதாரண பெட்ரோலோடு ஒப்பிட்டால் டர்போ மாதம் 1,460 ரூபாய் கூடுதலாகக் குடிக்கும். இந்த 1,460-ஐத்தான் சுகத்துக்கான சந்தா என்கிறேன். மாதத்தில் 500 கிலோமீட்டர் ஆசைதீர ஓட்டக் கிடைத்தால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கும் குறைவு; தாராளமாகக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் 100 கிலோமீட்டர்தான் என்றால், சுகமான ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பதினாலரை ரூபாய். கேட்கவே கசக்கிறது.

"டீசல்னா லாபம்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. 2012 வாக்கில் இரண்டுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் அளவுக்கு வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. மாருதி டீசலையே கைவிட்டது. அந்தக் காலத்துக் கணக்கை இன்றைய வண்டிக்குப் போட்டுப் பார்க்கிற மாமாக்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லாக் கல்யாண வீட்டிலும் ஒருவராவது கிடைப்பார்.

இனி சாலைக்கு வருவோம். நாகர்கோவிலில் பார்வதிபுரம் தாண்டி மேற்கே போகிறவருக்கு வாய்ப்பது தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை. ஒரு ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்கிவிடும். முன்னால் அரசுப் பேருந்து, பின்னால் கல் ஏற்றிய டாரஸ் லாரி. பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் 2018-இல் மேம்பாலம் வந்த பிறகும், மூன்றாவது கியரைத் தாண்டுவது பல நேரம் அதிர்ஷ்டம்தான். இந்தச் சாலையில் 250 டார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்ய? டீசலின் கனமான கிளட்ச் முழங்காலைத்தான் பிடிக்கும். மூக்கில் கனம் இல்லாத சாதாரண பெட்ரோல் வண்டி இங்கே சந்துபொந்தில் நுழைந்து வெளிவரும் லாகவமே தனி சந்தோஷம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அனுபவிக்கக் கூடிய ஒரே சந்தோஷமும் அதுதான். டர்போ பெட்ரோல் இந்த வழியில் காசுக்குக் கேடு: நின்று நின்று போகும்போது மைலேஜ் 10-க்கும் இறங்கலாம்.

குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை பக்கம், அல்லது தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறை பக்கம் ஏறினால் ஆட்டம் மாறுகிறது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே குறுகிய வளைவுகள், இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் என்பதால் பாதி நாள் ஈரம். நாலு பேர், ஏசி, ஏற்றம் என்று மூன்றும் சேர்ந்தால் 1.2 பெட்ரோல் இரண்டாவது கியரில் கத்திக்கொண்டே போகும். டீசலை மூன்றிலேயே விட்டு மிதித்தால், கரையில் கிடந்த கட்டுமரத்தை நாலு பேர் சேர்ந்து தள்ளிவிட்டதுபோல ஒரு உந்தல் வரும். டர்போ பெட்ரோலும் இங்கே சளைத்ததல்ல. வளைவுக்குள் திரும்பும்போது முன்பக்கம் இலகுவாக இருப்பதால், வெறும் ஓட்டும் சுகம் என்று கேட்டால் இந்த மலைச்சாலையில் என் ஓட்டு டர்போவுக்கே. எத்தனை பேர் மாதத்தில் எத்தனை முறை கீரிப்பாறை போகிறார்கள் என்பதுதான் இடிக்கிறது.

கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு போய் நான்குவழிச் சாலையில் ஏறுகிறவருக்கு டீசலைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். வள்ளியூர், நாங்குநேரி, திருநெல்வேலி என்று ஆறாவது கியரில் 2000 சுழற்சியைச் சுற்றியே வண்டி போய்க்கொண்டிருக்கும். இந்த ஓட்டத்தில் லிட்டருக்கு 20-ஐத் தாண்டுவதும் பெரிய வித்தையல்ல. திரும்பி வரும்போதுதான் வேடிக்கை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கிற காற்று நேரே முகத்தில் மோதும். அத்தனை காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. சின்னப் பெட்ரோல் எஞ்சின் அந்தக் காற்றில் வேகம் குறையாமல் இருக்க ஒரு கியர் கீழே வரச்சொல்லும், மைலேஜும் கூடவே இறங்கும். டீசல் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளாது.

பிஎஸ்6 டீசல் வாங்கும்போது விற்பனையாளர் மென்று விழுங்கும் ஒரு விஷயம், புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி. அது நிரம்பியதும், உள்ளே சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க வண்டி கொஞ்ச நேரம் நிறுத்தாமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். கால் மணி நேரமாவது வேண்டும். நாகர்கோவிலுக்குள்ளேயே வடசேரியிலிருந்து கோட்டாறுக்கும், பிள்ளைகளை விட பள்ளிக்கும் மட்டும் போய் வருகிற டீசல் காருக்கு அந்த ஓட்டம் கிடைப்பதே இல்லை. எச்சரிக்கை விளக்கு எரியும், சர்வீஸ் சென்டர் செலவு வரும், மிச்சம் பிடித்த எரிபொருள் காசு அங்கே கரையும். மேற்குப் பக்கத்துக்காரர் டீசல் வைத்திருந்தால் அவ்வப்போது காவல்கிணறு வரை ஒரு நடை போய்வருவது நல்லது.

பெட்ரோல் பக்கமும் ஓட்டை உண்டு. இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், டேங்கில் உள்ள மொத்த ஆற்றலில் ஆறேழு சதவீதம் குறைகிறது. மேலே நான் 16 என்று போட்டதில் அதைச் சேர்த்தே போட்டிருக்கிறேன்.

எல்லை தாண்டி திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் எந்த வண்டி வைத்திருந்தாலும் இந்தப் பக்கமே நிரப்பிக்கொள்வார்கள். கேரளத்தில் விலை சில ரூபாய் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது விசித்திரமாகப்படலாம்: மாதம் 2500 கிலோமீட்டர் ஓடுவதால் கணக்குப்படி டீசல், சாலைப்படி பெட்ரோல். முழங்கால் ஒத்துழைத்தாலோ, ஆட்டோமேட்டிக்குக்குப் பணம் இருந்தாலோ டீசலே எடுக்கலாம். மாதம் 1000-க்குள் ஓடி மாவட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறவர் சாதாரண பெட்ரோலை எடுத்துவிட்டு, மிச்சமாகும் ஒன்றரை லட்சத்தில் நல்ல டயர் போட்டுக்கொள்ளட்டும். ஈரமான வளைவில் டயர் தரும் சுகத்தை எந்த எஞ்சினும் தராது.

எதை எடுப்பதானாலும், ஷோரூம்காரர் செட்டிகுளம் பக்கம் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவதோடு திருப்திப்படாதீர்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, பார்வதிபுரம் மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் முப்பது வேகத்திலிருந்து மிதித்துப் பாருங்கள்.